காதை அடைத்தல் குறித்துச் சில குறிப்புகள்

தத்துவமும் அரசியலும் இலக்கியமும் விவாதிக்கப்படும் இப்பக்கங்களில் காதுக்குள் செருகும் தக்கையைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகம் சுழிக்கக்கூடும். ஆனால் இச்சஞ்சிகையை வாசிப்பவர்களிலும் இதில் எழுதுபவர்களிலும் கணிசமானோர் பகலில் (அல்லது இரவில்) எங்கே நிற்கிறார்கள் என்பது எம்மெல்லோருக்கும் தெரியும். கோப்பை கழுவுகிறோம், பெட்டி அடுக்குகிறோம், இயந்திரத்தின் முன் நிற்கிறோம். வீட்டுக்கு வந்து அமைப்பியல் பேசுகிறோம். உடலரசியல் குறித்து எழுதும் நாம் எமது சொந்த உடம்பைப் பற்றி எழுதுவதை ஏனோ மரியாதைக் குறைவாகவே கருதிவந்திருக்கிறோம்.

நான் ஊரில் பல்கலைக்கழகம் ஒன்றில் பௌதிகம் படிப்பித்தவன். ஒலியியல் என் பாடங்களில் ஒன்று. டெசிபல் என்பது மடக்கை அளவு, 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிக்கும் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. 2008இல் ஜேர்மனியில், ரூர் பகுதியில், தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான். நான் நிற்கும் கூடத்தில் சராசரி ஒலியளவு 97 டெசிபல் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் நிற்பதும் 88இல் நான்கு மணித்தியாலம் நிற்பதும் காதுக்கு ஒன்றே. 91இல் இரண்டு, 94இல் ஒன்று. 97 என்றால் அரை மணித்தியாலம். அதாவது, காதை மூடாமல் நின்றால் காலைத் தேநீர் இடைவேளைக்கு முன்பே அன்றைய நாளுக்கான பங்கு முடிந்துவிடுகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. ஆயினும் என் இடது காதைக் கெடுத்துக்கொண்டேன். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் காது கெடுவது எப்படியென்று பார்க்கலாம். உட்காதின் நத்தைச் சுருளுக்குள் மயிர்க்கலங்கள் உள்ளன: ஒவ்வொரு காதிலும் உள்வரிசையில் ஏறக்குறைய 3500, வெளிவரிசைகளில் 12,000. பறவைகளுக்கு இவை மீண்டும் முளைக்கும். எமக்கு முளைக்காது. பேரொலியில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸ் அண்டிய பகுதி. அதனால்தான் இது ஆரம்பத்தில் தெரிவதில்லை. இடி கேட்கும், லொறி கேட்கும், கதவு தட்டுவது கேட்கும். பேச்சில் உயிரெழுத்துக்கள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக வருபவை. வல்லின மெய்களின் வெடிப்பும், ச என்ற எழுத்தை நாம் ஸ போல உச்சரிக்கையில் எழும் உரசலும் உயர்ந்த அதிர்வெண்ணில் மெலிதாக வருபவை. ஆகவே உயிர் கேட்கும், மெய் கேட்காது. பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது விளங்குவதில்லை. கூட்டமொன்றில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் நான் இப்போது வாயசைவைப் பார்த்தே ஊகிக்கிறேன். எமது சந்திப்புகளில் கேள்வி ஒன்று, என் பதில் வேறொன்று என்று ஆகிவிடுவதை அகங்காரம் என்று எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இதுவும் இக்கட்டுரைக்கு ஒரு காரணம்.

இனித் தக்கைக்கு வருவோம். (காதடைப்பான் என்று எழுதலாம்தான். எங்கள் கூடத்துத் தமிழர்கள் தக்கை என்றே சொல்கிறோம்.)

எல்லோரும் அறிந்தது விரலால் உருட்டிச் செருகும் நுரைத்தக்கை. 1967இல் அமெரிக்காவில் றோஸ் கார்ட்னர் என்பவரும் அவருடன் வேலைசெய்தவர்களும் மெல்ல விரியும் நுரைப்பொருளைக் கண்டுபிடித்ததிலிருந்து வந்தது இது. மலிவு. சரியாக வைத்தால் இதைவிட அதிகம் தடுப்பது வேறொன்றும் சந்தையில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் 'சரியாக வைத்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐரோப்பாவில் விற்கப்படும் ஒவ்வொரு பெட்டியிலும் எஸ்.என்.ஆர் என்றொரு எண் இருக்கும். நுரைத்தக்கைகளில் அது 37 ஆகவும் இருக்கும். இது ஆய்வுகூடத்தில், பொறுமையாகச் செருகிய காதுகளில் அளந்த எண். தொழிற்சாலையில் அதிகாலை ஐந்தேமுக்காலுக்கு, அரைத்தூக்கத்தில், கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு செருகிய காதில் அளந்ததல்ல. இந்த வித்தியாசத்தை அதிகாரிகளும் அறிவார்கள். ஜேர்மனியின் விபத்துக் காப்புறுதி நிறுவனங்கள் உருட்டிச் செருகும் தக்கைக்கு 9 டெசிபலைக் கழித்தே கணக்கிடச் சொல்கின்றன. ஆயத்த வடிவத் தக்கைக்கும் தலைக்கு மேலால் போடும் காதுமூடிக்கும் 5, அச்செடுத்துச் செய்து பரிசோதித்த தக்கைக்கு 3. அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிறுவனமோ 1998இல் நுரைத்தக்கையின் எண்ணைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. எண்களை நம்பியவர்களின் கதைக்கு இன்னொரு உதாரணம், அமெரிக்கப் படைகளுக்கு விற்கப்பட்ட இருமுனைத் தக்கை. அது குட்டையாக இருந்ததால் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று இலட்சக்கணக்கான படையினர் தொடுத்த வழக்குகளில் 3எம் நிறுவனம் 2023இல் ஏறக்குறைய 600 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டது. தவறை அது ஒப்புக்கொள்ளவில்லை.

என் விடயத்தில், சில வருடங்களுக்கு முன் தொழிற்சாலை மருத்துவர் ஒரு கருவியைக் கொண்டுவந்து தக்கை வைத்த காதில் உண்மையாக எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று அளந்தார். பெட்டியில் 37. என் வலது காதில் 26. இடது காதில் 8. பத்து வருடங்களுக்கு மேல் தினமும் இரண்டு தக்கைகளைச் செருகிக்கொண்டு, ஒரு காதை 89 டெசிபலில் திறந்துவைத்திருந்திருக்கிறேன். என் இடது காதுக் குழாய் ஒடுக்கம், அதோடு ஒரு வளைவு. மனிதருடைய இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதில்லை. தக்கை உள்ளே போனதாகவே விரலுக்குத் தெரிந்தது. அது வாசலிலே நின்றிருக்கிறது.

செருகும் முறை இதுதான். கை கழுவிவிட்டு, தக்கையை மடிப்பு விழாமல் இயன்றளவு மெல்லிய கம்பிபோல உருட்டவேண்டும். நசுக்கக்கூடாது, உருட்டவேண்டும். மடிப்பு விழுந்தால் அதன் வழியே ஒலி போகும். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்தால் குழாய் நிமிரும். உடனே செருகி, விரல் நுனியால் அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். பிடிக்காவிட்டால் விரியும்போது வெளியே தள்ளிக்கொண்டு வரும். முன்னால் நின்று பார்ப்பவருக்குத் தக்கை தெரிந்தால் சரியாகப் போகவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் காதை இறுகப் பொத்திப் பாருங்கள்: இரைச்சல் மேலும் நன்றாகக் குறைகிறதென்றால் தக்கை வேலைசெய்யவில்லை. உங்கள் குரல் பானைக்குள் கதைப்பதுபோலக் கேட்டால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பானைக் குரலைத்தான் பலர் தாங்கமாட்டாமல் கழற்றுகிறார்கள். எலும்பு வழியாக வரும் எங்கள் சொந்தக் குரல் மூடிய குழாய்க்குள் வெளியேற வழியின்றி நிற்பதே காரணம். வேடிக்கை என்னவென்றால், இன்னும் ஆழமாகச் செருகினால் அது குறையும். கழற்றும்போது மெதுவாகத் திருகிக்கொண்டு எடுக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை உறிஞ்சப்பட்டு நோகும்.

எந்த எண்ணை வாங்குவது? கூடியது நல்லது என்ற எண்ணம் எம்மவரிடையே ஆழமாக இருக்கிறது. மருந்தையும் அப்படித்தான் குடிக்கிறோம்! காதுக்குள் போய்ச் சேரும் அளவு 70க்கும் 80க்கும் இடையில் இருப்பதே நல்லது. (கண்டிப்பாகச் சொன்னால் எஸ்.என்.ஆரை சி-நிறையிட்ட அளவிலிருந்து கழிக்கவேண்டும். எங்கள் கூடத்தில் இரண்டும் அநேகமாக ஒன்றுதான்.) 97இல் நிற்கும் எனக்கு, கழிவெல்லாம் போக, 20 முதல் 25 வரை உண்மையாகக் கிடைத்தால் போதும். பக்கத்துப் பொதிசெய்யும் பகுதியில் 86 டெசிபல்தான். அங்கேயும் 37 எண் தக்கையையே கொடுத்துவைத்திருந்தார்கள். அது சரியாகப் பொருந்திய பெண்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருவது கேட்பதில்லை, பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுவது கேட்பதில்லை. ஆகவே கதைப்பதற்காக ஒரு நாளில் இருபது தடவை கழற்றினார்கள்.

கழற்றுவதன் கணக்கு பொல்லாதது. 30 டெசிபல் உண்மையாகத் தடுக்கும் தக்கையை எட்டு மணித்தியாலமும் போட்டால் 30. அதில் ஐந்தே ஐந்து நிமிடம் கழற்றினால் பலன் 19 சொச்சம். அரை மணித்தியாலம் கழற்றினால் 12. ஒரு மணித்தியாலம் என்றால் 9. நாளில் பாதி என்றால் வெறும் 3. மடக்கை அளவின் கொடுமை இது: திறந்திருந்த அந்தச் சில நிமிடங்களே நாள் முழுவதற்குமான கணக்கைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, 15 மட்டுமே தடுக்கும், ஆனால் காதை உறுத்தாத, கழற்றவேண்டிய தேவை வராத தக்கை, 30 தடுத்துவிட்டு அரை மணித்தியாலம் பையில் கிடக்கும் தக்கையைவிட மேல். சுகமாக இருப்பது ஆடம்பரமல்ல என்பதற்கு இதைவிட வேறு வாதம் எனக்குத் தேவையில்லை.

என் இடது காதுக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களும் நான் அந்தக் காதில் எதுவும் வைக்கவில்லை. வன்னிக்குள் எங்கள் குடும்பத்தவர்கள் இருந்தார்கள். தொலைபேசியை இடதுபக்கச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். 97 டெசிபலில் தொலைபேசி மணி கேட்காது என்பது பௌதிகம் படிப்பித்தவனுக்குத் தெரியாததல்ல. அதிரவிட்டு நெஞ்சோடு வைத்திருந்தாலே போதும், அப்படித்தான் வைத்துமிருந்தேன். ஆயினும் காதை அடைக்க மனம் வரவில்லை. அடைத்தால் அங்கே நடப்பதை நான் கேட்க மறுப்பதுபோல. அந்த மாதங்களில் ஷிப்ற் முடிந்து வீட்டுக்கு வந்தால் காதில் கீச்சென்ற ஒலி நிற்கும், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டவேண்டியிருக்கும். அடுத்த நாள் காலை சரியாகிவிடும். இது தற்காலிக மந்தம். வேலைக்குப் போகுமுன் வானொலியை மட்டுமட்டாகக் கேட்கும் அளவில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து அதே அளவில் கேட்கவில்லையென்றால் அன்று தக்கை வேலைசெய்யவில்லை. தற்காலிகம் நாள்தோறும் நடந்தால் நிரந்தரமாகும். ஜூனில் மீண்டும் தக்கை வைக்கத் தொடங்கினேன். அது 8 டெசிபல் தக்கை என்று அப்போது தெரியாது. கீச்சொலி இன்றுவரை போகவில்லை.

எங்கள் கூடத்தில் இன்னொரு தமிழர் இருக்கிறார். ஷெல் விழுந்து ஒரு காது அன்றே போய்விட்டது. வெடியொலி தனி ரகம். நடுக்காதுத் தசைகள் இறுகி ஒலியைக் குறைக்க ஏறக்குறைய பத்திலொரு செக்கன் எடுக்கும். வெடி அதற்குமுன் உள்ளே போய்விடும். அவர் என்னிடம் கேட்டது: "சேர், ஒரு காதுதானே வேலை செய்யுது. அதையும் அடைச்சா நான் எதாலை கேக்கிறது?" இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை. அவருடைய போன காதிலிருந்து இடைக்கிடை சீழ் வேறு வடியும். அப்படிப்பட்ட காதுக்குள் எதையும் செருகக்கூடாது. அவருக்கு உகந்தது காதுமூடிதான், அதிலும் வெளிச்சத்தத்தை அளவோடு உள்ளே விட்டு, பெரிய சத்தம் வந்தால் தானாகவே கட்டுப்படுத்தும் மின்னணு மூடி. விலை அதிகம். முதலாளி வாங்கித் தரவேண்டும்.

தரவேண்டும் என்று சும்மா சொல்லவில்லை. 2003இன் ஐரோப்பிய நெறிமுறையும், அதன்படி ஜேர்மனியில் 2007இல் வந்த ஒழுங்குவிதியும் தெளிவாகச் சொல்கின்றன. நாளாந்த அளவு 80ஐத் தாண்டினால் காதுப் பாதுகாப்பு கொடுக்கவேண்டும், அதுவும் இலவசமாக. 85ஐ எட்டினால் நாம் அதைப் போட்டே ஆகவேண்டும். அதற்கும் முன்னால், இரைச்சலை அதன் பிறப்பிடத்திலேயே குறைக்கவேண்டும்: இயந்திரத்துக்குக் கூடு, அதிர்வுக்கு ரப்பர், இரைச்சல் கூடிய இடத்தில் நிற்கும் நேரத்தைக் குறைத்தல். தக்கை கடைசி வழி. நடைமுறையில் அது முதல் வழியாகிவிடுகிறது. இயந்திரத்துக்குக் கூடு போட ஆயிரக்கணக்கில் செலவு, தக்கைக்கு ஒரு சோடி சில சதம். பிரச்சினையை இயந்திரத்திலிருந்து எடுத்துத் தொழிலாளியின் காதுக்குள் வைத்துவிடுகிறார்கள். பிறகு காது கெட்டால் 'நீ சரியாகப் போடவில்லை'. நானும் மேலே இரண்டு பந்திகள் செருகும் முறையைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்பது தெரிகிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

இன்னொன்று. கேட்டற் பரிசோதனைக்குப் போகப் பயந்து, கேட்காத ஒலிக்கும் பொத்தானை அமத்தும் எம்மவர்களை நான் அறிவேன். 'காது சரியில்லையெண்டு தெரிஞ்சா வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள்.' ஜேர்மனியில் அந்த மருத்துவ அறிக்கை முதலாளிக்குப் போவதில்லை. பரிசோதனைக்கு வந்தார் என்ற சான்று மட்டுமே போகும். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 2301 என்ற இலக்கத்தில் தொழில் நோயாகவும் பட்டியலிடப்பட்டிருக்கிறது. பொய்யாகப் பொத்தானை அமத்துபவர் பின்னாளில் தனக்குரிய ஆதாரத்தைத் தானே அழிக்கிறார்.

தூக்கத்துக்கு வேறு கணக்கு. இரவு ஷிப்ற் செய்து பகலில் தூங்குபவருக்கு 37 எல்லாம் தேவையில்லை. பக்கவாட்டாகப் படுத்தால் தலையணையில் உறுத்தாத மென்மையே முக்கியம். இங்கே மருந்துக் கடைகளில் விற்கும், பஞ்சு கலந்த மெழுகு உருண்டை பழைய சரக்கு. 1907இல் பேர்லினில் மக்ஸ் நெக்வர் என்ற மருந்துக்கடைக்காரர் தொடங்கிய ஓரோபாக்ஸ். கையில் உருட்டிச் சூடாக்கி, குழாய் வாசலை மூடினால் போதும், உள்ளே தள்ளத் தேவையில்லை. ஓசைகளால் வதைபட்ட கஃப்கா 1915இல் இதைப் பேர்லினிலிருந்து எடுப்பித்திருக்கிறார். எமது எழுத்தாளர்கள் கஃப்காவின் அந்நியமாதலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர் 1908 முதல் 1922 வரை பிராக் நகரின் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலைசெய்தார் என்பதையும், மரம் சீவும் இயந்திரங்கள் தொழிலாளரின் விரல்களை வெட்டாமல் தடுப்பது எப்படியென்று படம் போட்டு அறிக்கை எழுதினார் என்பதையும் யாராவது ஒரு கட்டுரையில் விரிவாகச் சொன்னால் நல்லது.

காதில் நிரந்தரக் கீச்சொலி உள்ளவர்கள் தூக்கத்தில் முழுதாக அடைக்காதீர்கள். வெளிச்சத்தம் போனால் உள்ளேயிருக்கும் சத்தம் எழும்பிவிடும். நான் சிறிய மின்விசிறி ஒன்றை ஓடவிட்டுத் தூங்குகிறேன். பனிக்காலத்திலும்தான், மனைவி ஏசுவார்.

நீச்சலுக்கு நுரைத்தக்கை உதவாது, நனைந்துவிடும். களிபோன்ற சிலிக்கோன் காது வாசலை மூடும், அதோடு சுழியோடக்கூடாது. கலியாண மண்டபங்களுக்கு வேறு. ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையில் 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம்தான் கணக்கு. நாமோ ஐந்து மணித்தியாலம் இருக்கிறோம், மடியில் குழந்தையையும் வைத்துக்கொண்டு. சாதாரண நுரைத்தக்கை உயர்ந்த சுரங்களைக் கூடுதலாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும் தடுப்பதால் இசை போர்வைக்குள் கேட்பதுபோல ஆகிவிடும். இதற்கென்றே எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல், குறைக்கும் வடிகட்டித் தக்கையை 1988இல் எற்றிமோட்டிக் நிறுவனம் கொண்டுவந்தது. இப்போது அச்செடுக்கத் தேவையில்லாத மலிவானவையும் கிடைக்கின்றன. இங்குள்ள எமது தவில், நாதஸ்வரக் கலைஞர்களில் யாராவது இதைப் பாவித்திருந்தால் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வருடம் எங்கள் தொழிலாளர் சபையிடம் நானும் ஒரு துருக்கியத் தோழரும் எழுத்தில் கேட்டோம்: ஒரேயொரு தக்கையை எல்லாக் காதுக்கும் கொடுப்பதை நிறுத்துங்கள். நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். இப்போது கூடத்தின் வாசலில் நான்கு வகை தொங்குகின்றன: நுரையில் பெரியதும் சிறியதும், அடுக்கடுக்கான ஓரங்கள் கொண்ட சிலிக்கோன், கழுத்தில் மாட்டும் வளையத்தக்கை. சுழலும் இயந்திரத்தில் நிற்பவர்கள் கயிறு கோத்ததை எடுக்கக்கூடாது, கயிறு இழுபட்டால் ஆபத்து. எனக்கு அச்செடுத்த தக்கை தந்தார்கள். இடது காதில் அளந்தபோது 22. காதுமூடிக்காகக் காத்திருப்பவருக்கு இன்னும் பதில் வரவில்லை. அதுவரை சாதாரண மூடியைப் போடுகிறார், என் பக்கத்து இயந்திரத்துக்கு மாறிவந்திருக்கிறார். ஃபோர்க்லிஃப்ட் வந்தால் நான் கையால் தட்டுகிறேன்.

வாடகை நிறுவனத்தால் அனுப்பப்பட்டு வந்த தம்பி ஒருவர் மட்டும் மாதக்கணக்காக எதுவும் போடவில்லை. "அண்ணை, மிஷின் கதைக்கிறது எனக்குக் கேக்கவேணும். தகடு பிழைச்சா சத்தத்திலையே பிடிச்சிடுவன்." இது வீம்பு அல்ல, உண்மையான திறமை. ஆனால் காது கெட்டிராதவருக்கு, 90க்கு மேற்பட்ட இரைச்சலில் அளவான தக்கை போட்டால் சத்தங்களைப் பிரித்தறிவது குறைவதில்லை, சிலவேளை கூடவும் செய்யும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடுவது மாதிரி. புதிய ஒலிக்குக் காது பழக மட்டும் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். இதைச் சொல்லி, சிலிக்கோன் வகையைக் கொடுத்தேன். மூன்று வாரமாகப் போடுகிறார். முன்னால் நின்று பார்த்தால் வலது பக்கத்துத் தக்கை இன்னும் வெளியே தெரிகிறது.